காப்பி பழுக்கும்வரை தவணை பொறுக்குமா?

தர்மபுரியில் இருந்து வத்தல்மலைக்கு ஏறும் சாலையில் இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். மேலே, மூவாயிரம் அடிக்கும் கூடுதலான உயரத்தில், பெரியூர், சின்னாங்காடு, பால்சிலம்பு என்று தள்ளித் தள்ளிக் கிடக்கும் சிற்றூர்கள். வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, சித்தேரி என்று கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் பரவியிருக்கும் தமிழ் பேசும் குடிகள். சில்வர் ஓக் நிழலில் காப்பி, அந்த மரத்தைப் பற்றி ஏறும் மிளகு, மேட்டுக்காட்டில் சாமை, வீட்டோரம் பலா. 2021 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மேலே போய் இந்த மக்களைச் சந்தித்தபோது ஊர்ப் பெயர் செய்திகளில் அடிபட்டது. மற்றபடி வத்தல்மலை என்றால் வெளியாருக்கு ஞாயிற்றுக்கிழமை பைக் சவாரி.

கிராமத்துப் பெண்களுக்குத் தரும் சிறுகடனைப் பற்றி நாம் பேசிப் பழகிய பேச்சுகள் சில உண்டு. மேடையில் ஒரு விதம், டீக்கடையில் ஒரு விதம். அவற்றை இந்த மலைமேல் கொண்டுபோய் வைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் சாயம் வெளுத்துவிடும்.

“மகளிர் குழு வங்கதேசத்துச் சரக்கு”

வங்கதேசப் பொருளியலாளர் முகமது யூனுஸ் 1976-ல் அந்நாட்டு ஜோப்ரா கிராமத்தில் கொடுத்துப் பார்த்த சிறுகடன்கள், 1983-ல் கிராமீன் வங்கியானது, 2006-ல் கிடைத்த நோபல் பரிசு எல்லாம் உண்மை. அதை வைத்து நம்மூர் மகளிர் சங்கங்களும் அங்கிருந்து இறங்கியவை என்று முடிவு கட்டுவது தவறு.

தமிழ்நாட்டில் அரசு முன்னின்று நடத்திய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முதலில் தொடங்கியது சென்னையிலோ கோவையிலோ அல்ல, தர்மபுரி மாவட்டத்தில். 1989 செப்டம்பரில், ஐ.நா.வைச் சேர்ந்த பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன், 1983-ல் உருவான தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் இதை எடுத்து நடத்தியது. கடன் கொடுக்க இந்தியன் வங்கி முன்வந்தது. கிருஷ்ணகிரி 2004-ல்தான் தனி மாவட்டமாகப் பிரிந்தது என்பதால் அன்றைய தர்மபுரி என்பது இன்றைய இரண்டு மாவட்டங்கள். அங்கே கற்றதை வைத்துத்தான் வேறு சில மாவட்டங்களுக்குத் திட்டம் போனது. 1997-98-ல் மாநில அரசின் ‘மகளிர் திட்டம்’ பிறந்தது. நபார்டு வங்கி நாடு முழுவதற்குமாக 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனையைத் தொடங்கியதே 1992-ல்தான். அதற்கு மூன்றாண்டு முன்பே தர்மபுரிப் பெண்கள் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பின்தங்கிய மாவட்டம் என்ற பட்டத்தை மட்டுமே சுமந்துகொண்டிருக்கும் ஊருக்கு இந்தப் பெருமையை யாரும் சொல்லிக் காட்டுவதில்லை.

முறையும் வேறு. நம் குழுவில் முதலில் சேமிப்பு. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் மாதாமாதம் கொஞ்சம் போட்டு, அந்தப் பணத்தில் தங்களுக்குள் உள்கடன் கொடுத்து, கணக்கு எழுதி, சில மாதம் தாக்குப்பிடித்துக் காட்டிய பிறகே வங்கிக் கடன்.

“சங்கத்து லோனும் மைக்ரோ லோனும் ஒன்றுதான்”

இதுதான் தலையாய குழப்பம். பத்திரிகைகளே இரண்டையும் ‘மகளிர் குழுக் கடன்’ என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகின்றன. இதற்குக் கொஞ்சம் பொறுமையாகக் கணக்குப் பார்க்க வேண்டும்.

சங்கம் பெண்களுடையது. வங்கியில் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கும். கடன் வந்தால் யாருக்கு எவ்வளவு என்று அவர்களே உட்கார்ந்து தீர்மானம் போடுவார்கள். மைக்ரோ ஃபைனான்ஸில் ‘குழு’ என்பது பெரும்பாலும் நிறுவனம் தன் வசூலுக்காகச் சேர்த்த ஆள்கள். ஆளாளுக்குத் தனிக் கடன். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு. அங்கே சேமிப்பு இல்லை, உள்கடன் இல்லை, தீர்மான நோட்டும் இல்லை. செண்டர் மீட்டிங், டியூ கார்டு, பீல்டு ஆபீசரின் பைக் என்று அதற்குத் தனி அங்கங்கள்.

இப்போது வட்டி. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் வரும் குழுக்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரையிலான வங்கிக் கடன் ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் கிடைக்கிறது. பன்னிரண்டு பேர் சங்கம் என்றால் தலைக்கு 25,000. இரண்டு ஆண்டில், மாதத் தவணையில் கட்டினால் மாதம் ஏறத்தாழ 1,119 ரூபாய். மொத்த வட்டி 1,864. அதே 25,000-ஐ, மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனங்கள் பலவற்றில் நடப்பில் உள்ளபடி 24 சதவீதத்தில் வாங்கினால் தவணை 1,322, வட்டி 6,722. மாதத்துக்கு இருநூறு ரூபாய்தானே வித்தியாசம் என்று தோன்றும். கடைசியில் கூட்டிப் பார்த்தால் வட்டி மூன்றரை மடங்கு.

இதில் ஒரு சாமர்த்தியமும் நடக்கிறது. அந்த 6,722 ரூபாயை இரண்டு ஆண்டுக்கும் 25,000 முதலுக்கும் வகுத்தால் ‘ஆண்டுக்கு பதிமூணரைதான்’ என்று சொல்லிவிடலாம். ஃபிளாட் வட்டி என்பது இதுதான். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதை மறந்துவிட்டு, கடைசி மாதம்வரை முழு 25,000-மும் கையில் இருந்தது போலக் கணக்குப் போடுவது. இந்த மாயத்தைத் தடுக்கத்தான் கடன் கொடுக்கும்போதே உண்மையான ஆண்டு வட்டி, செயல்முறைக் கட்டணம், காப்பீட்டுத் தொகை எல்லாவற்றையும் ஒரே தாளில், வாங்குபவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-ல் கட்டாயமாக்கியது. அந்தத் தாள் பல வீடுகளில் ஆதார் நகலோடு சுருட்டிக் கிடக்கிறது. எடுத்து விரித்துப் பார்க்கலாம்.

நியாயத்துக்கு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சங்கத்து உள்கடனுக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய் மாத வட்டி போடுவது பரவலான வழக்கம். அதுவும் ஆண்டுக்கு 24 சதவீதம்தானே? ஆமாம். ஆனால் அந்த இரண்டு ரூபாய் மறுபடி சங்கத்துப் பெட்டியிலேயே விழுகிறது. கட்டியவளும் அதில் பங்குக்காரி. ஆக, வட்டி எவ்வளவு என்பதோடு நின்றுவிடாமல் அது யாரிடம் போய்ச் சேருகிறது என்றும் கேட்க வேண்டும்.

அப்படியானால் ஏன் மைக்ரோ லோன் வாங்குகிறார்கள்? ஏமாளிகள் என்பதால் அல்ல. வங்கி மேலாளர் ‘அடுத்த வாரம் வாங்க’ என்று சொல்லும் ஊரில், பீல்டு ஆபீசர் வாசலுக்கே வந்து சில நாளில் பணத்தைக் கணக்கில் ஏற்றிவிடுகிறார். ஆஸ்பத்திரிச் செலவு வங்கியின் அடுத்த வாரத்துக்குக் காத்திருக்காது. மலை இறங்கி, பஸ் பிடித்து, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய், வெறுங்கையோடு திரும்பியவளிடம் போய் வட்டி வித்தியாசத்தைப் பாடம் எடுத்தால் அவள் சிரிப்பாள்.

“நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பேர் ஒழுங்காகக் கட்டுகிறார்கள், ஆகவே முன்னேறிவிட்டார்கள்”

கடன் திரும்பி வந்தது என்றால் கடன் திரும்பி வந்தது. அவ்வளவுதான் பொருள்.

டியூ நாளில் ஒருத்திக்கு நானூறு ரூபாய் குறைகிறது என்று வையுங்கள். கூட்டம் கலையாது. பக்கத்தில் இருப்பவள் நூறு, இன்னொருத்தி ஐம்பது, மீதிக்கு யாராவது ஓடிப்போய்ப் பெட்டிக்கடையில் கைமாற்று. கார்டில் ‘கட்டப்பட்டது’ என்று கையெழுத்து விழும். அந்தக் கையெழுத்துக்குள் எத்தனை பேர் அடுப்பு அணைந்தது என்பது நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் வராது. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட நகை அடகு என்று சுற்றினாலும் வசூல் விழுக்காடு ஜோராகவே இருக்கும்.

ஆந்திரத்தில் அப்படித்தான் இருந்தது. ஏறத்தாழ முழு வசூல் என்று பெயர் வாங்கிய மாநிலம். கடன் தொல்லையால் நேர்ந்த தற்கொலைகள் செய்தியாகி, 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்த சில மாதங்களில் வசூல் அப்படியே சரிந்தது. அத்தனை பேரும் ஒரே இரவில் நாணயம் கெட்டுப்போனவர்கள் ஆகவில்லை. கடனுக்கு மேல் கடனாக நின்ற அடுக்கு அது. மேல் கடன் நின்றதும் கீழ்க் கடன் விழுந்தது.

தமிழ்நாடு நாட்டிலேயே மைக்ரோ கடன் மிகுதியாக உள்ள மாநிலங்களின் முன்வரிசையில் நிற்கிறது. ஒரே பெண்ணுக்கு எத்தனை நிறுவனம் கொடுக்கலாம் என்று நிறுவனங்களின் கூட்டமைப்பே உச்சவரம்பு வகுத்துக்கொள்ள வேண்டி வந்தது: 2024-ல் நான்கு, 2025 ஏப்ரல் முதல் மூன்று. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தால் இந்த வரம்பு எதற்கு?

“கடன் அவள் பெயரில், அதனால் அதிகாரம் அவள் கையில்”

ஆனி மேரி கோட்ஸும் ரீனா சென் குப்தாவும் வங்கதேசத்தில் பெண்கள் பெயரில் தரப்பட்ட கடன்களை ஆராய்ந்து 1996-ல் வெளியிட்டார்கள். அந்தக் கடன்களில் 39 சதவீதத்தில் பணத்தின்மீது பெண்ணுக்கு மிகக் கொஞ்சப் பிடிதான் இருந்தது, அல்லது அதுவும் இல்லை. வாங்குவது அவள், செலவழிப்பது வீட்டு ஆண், கட்டுவது மறுபடி அவள். இதைப் படிக்க நம் வீட்டுப் பெண்களுக்கு ஆய்வேடு தேவையில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்து ஐதராபாத். பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலியோர் 104 குடியிருப்புப் பகுதிகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதியில் மட்டும் ஒரு மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனத்தைக் கிளை திறக்கச் செய்து, வித்தியாசத்தை அளந்தார்கள். 2015-ல் வந்த முடிவு: கடை, தொழில் வைத்திருந்தவர்கள் முதலீட்டைக் கூட்டினார்கள். வீட்டுக்குப் பண்டபாத்திரம் போன்ற நீடித்த பொருள்கள் வாங்குவது கூடியது. ஆனால் சராசரிக் குடும்பச் செலவு உயரவில்லை. பிள்ளைகள் படிப்பு, உடல்நலம், வீட்டில் பெண்ணின் முடிவெடுக்கும் உரிமை ஆகியவற்றில் சொல்லும்படி மாற்றம் இல்லை. லாபம் கூடியது ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொழில்களுக்குத்தான். போஸ்னியா, எத்தியோப்பியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ என்று மற்ற நாடுகளில் நடந்த ஆய்வுகளும் அதே ஆண்டு அதே சுருதியில் பேசின. கடன் கெடுதல் என்று அவை சொல்லவில்லை. வாழ்க்கையைப் புரட்டிப்போடும் என்ற விளம்பரத்தைத்தான் மறுத்தன.

அதனால் சங்கமே வீண் என்று கிளம்பிவிடக் கூடாது. வங்கிக்குள் காலெடுத்து வைத்தது, கைநாட்டு கையெழுத்தானது, கிராமசபையில் எழுந்து நின்று ரேஷன் கடையைப் பற்றிக் கேட்டது எல்லாம் கண்கூடு. ஆனால் அதெல்லாம் பதினைந்து பெண்கள் மாதம் தவறாமல் கூடி உட்கார்ந்ததால் கிடைத்தவை. வசூலுக்காக மட்டும் கூட்டுகிற செண்டரில் இவை தானாக விளையாது.

“மலைச்சனத்துக்குப் பணத்தை வைத்துக்கொள்ளத் தெரியாது”

கேட்டாலே கோபம் வரும் பேச்சு. கீழ்நாட்டில் படித்தவர்கள்கூட இதைக் கூசாமல் சொல்கிறார்கள்.

காப்பிச் செடி மாசி, பங்குனி மழைக்குப் பூக்கும். பழம் சிவப்பது கார்த்திகை, மார்கழியில். மிளகு தை தாண்டி. சாமை ஐப்பசியை ஒட்டி. பலா வைகாசி, ஆனியில் கொஞ்சம் கைக்காசு. இதுதான் மலைக்காட்டின் பணக் கணக்கு: ஆண்டில் சில வாரம் கை நிறையும், மற்ற மாதங்களில் நூறு நாள் வேலைக் கூலி, கீழே இறங்கிக் கிடைக்கும் கூலி. காப்பிப் பூவுக்கும் பழத்துக்கும் நடுவே முப்பது வாரத்துக்கு மேல் இருக்கிறது. வாரத் தவணைக் கடன் வாங்கினால் அந்த முப்பது வாரமும் கட்டியாக வேண்டும். வாரக்கூலி வாங்கும் திருப்பூர் பனியன் தொழிலாளிக்குத் தைத்த சட்டையை மலைக்காட்டுக்காரிக்கு மாட்டிவிட்டு, அவளுக்கு உடுத்தத் தெரியவில்லை என்கிறோம்.

அந்த முப்பது வாரத்தில் என்ன நடக்கும்? மலையூர்களில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, பழுத்ததும் அவர் சொன்ன விலைக்குப் பழமாகவே கொட்டிவிடுவது. பழத்தைத் தோல் நீக்கி, ஊறவைத்து, கழுவி, களத்தில் காயவைத்து, மழை வந்தால் மூடி, வெயில் வந்தால் விரித்து, பக்குவமான கொட்டையாக விற்றால் கூடுதல் விலை. அதற்குக் காத்திருக்கத் தெம்பு வேண்டும். தவணைப் பணத்துக்குப் பறக்கும் வீட்டில் காப்பி காய்வதற்குள் விற்றுவிடும். ஆகவே தவறான காலத்தில் விழும் தவணை வட்டியோடு சேர்த்து விளைச்சலின் விலையையும் தின்கிறது.

கொல்லிமலையைப் பாருங்கள். அதே மலையாளி மக்கள், அதே சாமை. சாமையை உரலில் குத்தி உமி நீக்குவது பெண்களின் முதுகை ஒடிக்கும் வேலை. அந்த உழைப்புக்குப் பயந்தே பல வீடுகள் சாமையை விட்டு மரவள்ளிக்குப் போயின. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே பல ஆண்டுகள் வேலை செய்து, மகளிர் குழுக்கள் பொறுப்பில் சிறிய அரவை இயந்திரங்களை ஊருக்குள் கொண்டுவந்தது. சாமை, தினையை மாவாக்கி, பக்குவம் செய்து, சந்தைக்கு அனுப்பப் பயிற்சி கொடுத்தது. அங்கே பெண்களுக்கு முதலில் மிச்சமானது நேரம். பணம் பிறகு வந்தது. வத்தல்மலையில் ஒரு பெண்ணிடம் ‘லோன் எவ்வளவு வேணும்?’ என்று கேட்பதற்கு முன்னால் ‘காயவைக்கக் களம் இருக்கா, உமி நீக்க மிஷின் இருக்கா, விக்க ஆள் இருக்கா?’ என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

நிலத்தின் கதையையும் இங்கேயே சொல்லிவிடலாம். கூட்டுறவுச் சங்கப் பயிர்க் கடனைத் தவணைக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை. விவசாயக் கடனுக்கு 2 லட்சம் ரூபாய் வரை பிணை கேட்கக் கூடாது என்று 2025 ஜனவரி முதல் விதி. இவை இரண்டும் அறுவடையைப் பார்த்துக் கட்டும் கடன்கள். ஆனால் நிலம் யார் பெயரில் இருக்கிறது? 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாட்டின் சாகுபடிதாரர்களில் பெண்கள் நூற்றுக்குப் பதினான்கு பேர்தான். களை எடுப்பதும் பழம் பறிப்பதும் அவள். சிட்டாவில் பெயர் வீட்டு ஆணுடையது. மலிவான கடன் சிட்டாவைப் பார்த்து வருகிறது, விலை கூடிய கடன் ஆதாரைப் பார்த்து வருகிறது.

“எப்படியும் தள்ளுபடி ஆகிவிடும்”

ஆகாது. 2021-ல் தமிழ்நாடு அரசு தள்ளுபடி செய்ததாக அறிவித்த 2,756 கோடி ரூபாய், மகளிர் குழுக்கள் கூட்டுறவு அமைப்புகளில் வாங்கியிருந்த கடன். தனியார் நிறுவனத்துக் கடன் அதில் சேரவில்லை. ஓட்டுக் கேட்டு வருபவர் வாய்க்கு வந்ததைச் சொல்வார். கட்டாமல் விட்டால் கடன் வரலாற்றில் பதிவது உங்கள் பெயர்.

“கட்டாவிட்டால் வீட்டில் வந்து உட்காருவார்கள், வேறு வழியில்லை”

வழி இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2022 விதிகள் 3 லட்சம் ரூபாய்க்குள் ஆண்டு வருமானம் உள்ள குடும்பங்களுக்குப் பிணையின்றித் தரும் எல்லாக் கடனுக்கும் பொருந்தும். கொடுப்பது வங்கியா, நிறுவனமா என்ற பேதமில்லை. வீட்டின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கக் கூடாது. முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் கிடையாது. வசூல், இரு தரப்பும் சேர்ந்து முடிவு செய்த பொது இடத்தில்தான். அங்கே அடுத்தடுத்து இரண்டு முறையாவது வராமல் போனால்தான் வீட்டுக்கு வரலாம். காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ தொந்தரவு செய்யக் கூடாது. மிரட்டுவது, கெட்ட வார்த்தை பேசுவது, உறவினரை வதைப்பது, கட்டாதவர் பெயரை ஊரறியப் போடுவது எல்லாம் தடை. இதன்மேல் 2025-ல் தமிழ்நாடு சட்டமன்றம் கட்டாய வசூலுக்கு எதிராகத் தனிச் சட்டமே கொண்டுவந்தது: மூன்று ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

புகாருக்கு ரிசர்வ் வங்கியின் 14448 என்ற எண் இருக்கிறது. முதலில் கடன் கொடுத்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

அதே 2022 விதிகளில் யாரும் எடுத்துச் சொல்லாத ஒரு வரி உண்டு. தவணையை வாரத்துக்கு ஒன்றா, மாதத்துக்கு ஒன்றா, எத்தனை நாளைக்கு ஒன்று என்பதைக் கடன் வாங்குபவரின் தேவைக்கு ஏற்ப வைக்க இடம்தரும் கொள்கை ஒவ்வொரு நிறுவனத்திடமும் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. வத்தல்மலைப் பெண்களே, அடுத்த முறை கடன் தாளில் கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைக் காட்டிக் கேளுங்கள்: எங்கள் தவணையை மார்கழிக்குப் போடுங்கள். தரமாட்டேன் என்றால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.